டியர்பார்னைச் சுத்தமாக வைத்திருங்கள்

1955 டிசம்பர் 1. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்றொரு ஊர். வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் ரோசா பார்க்ஸ். துணிக்கடையில் தையல் உத்தியோகம். வெள்ளைக்காரர் ஒருவருக்கு எழுந்து இடம் விடச் சொன்னார் டிரைவர். அம்மணி மாட்டேன் என்றுவிட்டார். போலீஸ் வந்தது, கைது செய்தது. அப்புறம் நடந்ததெல்லாம் உலகத்துக்கே தெரியும். 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. நடந்தார்கள். நடந்தே ஜெயித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் என்கிற இளம் பாதிரியாரை அமெரிக்கா திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

அதெல்லாம் சரி. அந்த பஸ் என்ன ஆயிற்று?

ஓடி ஓய்ந்தபிறகு யாரோ விலைக்கு வாங்கி, ஒரு வயல்வெளியில் நிறுத்தி, தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கிற கொட்டகையாக ஆக்கிவிட்டார்கள். ஜன்னல் போய், சீட் போய், துருவேறிக் கிடந்த அந்தத் தகரக் கூடு 2001-ம் வருடம் ஏலத்துக்கு வந்தது. விலை? ஐந்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கியது ஓர் அருங்காட்சியகம். பழுது பார்த்து, பழையபடி வர்ணம் அடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். 2012-ல் ஒபாமா போய் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அருங்காட்சியகத்தின் பெயர் தி ஹென்றி ஃபோர்டு. அது இருக்கும் ஊர், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய டியர்பார்ன்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த பஸ் மாண்ட்கோமரியில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ரோசா பார்க்ஸ் டியர்பார்னுக்கு வந்து ஒரு வீடு கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. ஊர் எல்லையில் போர்டு எதுவும் மாட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் கிடைக்காது. 1957-ல் அவர் நிஜமாகவே மாண்ட்கோமரியை விட்டுக் கிளம்பி வந்து குடியேறியது பக்கத்து டெட்ராய்டில்.

பஸ்ஸுக்கு இடம் கொடுத்த ஊர், பஸ்ஸில் உட்கார்ந்தவருக்கு ஏன் கொடுத்திருக்காது? அதுதான் இந்த வாரக் கதை.

சென்னைக்கு ஒரு அம்பத்தூர் மாதிரி, டெட்ராய்டுக்கு டியர்பார்ன். புறநகர். ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோது யுத்த மந்திரியாக இருந்த ஹென்றி டியர்பார்ன் என்கிற ஜெனரலின் பெயரை வைத்தார்கள். ரொம்ப காலத்துக்கு அங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஓர் ஆயுதக் கிடங்கு, கொஞ்சம் வயல், கொஞ்சம் மாடு. அந்த வயல்களில் ஒன்றில்தான் 1863-ல் ஹென்றி ஃபோர்டு பிறந்தார். அப்பா விவசாயி. பையனுக்கு ஏர் பிடிக்கவில்லை, எஞ்சின் பிடித்துவிட்டது.

ஃபோர்டு எப்படி கார் கம்பெனி ஆரம்பித்தார், மாடல் டி எப்படிப் பிய்த்துக்கொண்டு ஓடியது என்பதெல்லாம் தனிக் கதை. நமக்கு வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, 1914 ஜனவரியில் அவர் வெளியிட்ட அறிவிப்பு. ஒரு நாளைக்கு ஐந்து டாலர் சம்பளம். மற்ற இடங்களில் கிடைத்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. செய்தி கடல் தாண்டிப் போனது. போலந்து, இத்தாலி, சிரியா, லெபனான் என்று கேள்விப்பட்ட பக்கத்திலிருந்தெல்லாம் ஆள்கள் கப்பலேறினார்கள்.

இரண்டு, 1917-ல் தன் சொந்த ஊரில் ரூஜ் நதிக்கரையில் அவர் கட்ட ஆரம்பித்த தொழிற்சாலை. கட்டி முடிக்க 1928 ஆனது. ஒன்றரை மைல் நீளம், ஒரு மைல் அகலம், 93 கட்டடங்கள். உள்ளே மட்டும் சுமார் நூறு மைலுக்கு ரயில் பாதை. சொந்தமாக உருக்காலை, கண்ணாடி ஆலை, மின்சார நிலையம். ஒரு பக்கம் கப்பலில் இரும்புத் தாது வந்து இறங்கும். மறுபக்கம் கார் ஓடி வெளியே வரும். 1930-களில் உச்சத்தில் இருந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை பார்த்தார்கள். மறைமலைநகரில் ஐகானும் ஃபிகோவும் செய்துகொண்டிருந்தார்களே, 2022-ல் கடைசி காரை அனுப்பிவிட்டு லைனை நிறுத்தினார்களே, அந்தக் கம்பெனிக்கும் தலைமையகம் டியர்பார்ன்தான்.

ஆக, சில ஆயிரம் பேர் இருந்த கிராமம் 1930-ல் ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் நகரமாகிவிட்டது. பக்கத்திலிருந்த இன்னோர் ஊருக்கு ஃபோர்ட்சன் என்றே பெயர். இரண்டையும் ஒன்றாக்கித்தான் இன்றைய டியர்பார்ன். கவனியுங்கள், முதலாளி பேரில் ஊர், ஊரில் பாதிப் பேர் முதலாளியிடம் கூலிக்காரர்கள். மேயரே முதலாளியின் உறவுக்காரர்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பது 1932 மார்ச் 7-ம் தேதி தெரிந்தது. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம். வேலை இழந்த தொழிலாளர்கள் மூவாயிரம் பேருக்கு மேல் டெட்ராய்டிலிருந்து ஊர்வலமாகக் கிளம்பி ரூஜ் ஆலையை நோக்கி நடந்தார்கள். வேலை கொடு, குளிருக்குக் கரி கொடு, கறுப்பர் வெள்ளையர் என்று பிரித்துப் பார்க்காதே என்பவை கோரிக்கைகள். டெட்ராய்ட் எல்லைக்குள் ஒரு பிரச்னையும் இல்லை. டியர்பார்ன் எல்லையில் கால் வைத்ததும் கண்ணீர்ப்புகை. ஆலை வாசலில், நடுங்கும் குளிரில் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். பிறகு துப்பாக்கி. நகர போலீசும் கம்பெனிக் காவலர்களும் சேர்ந்தே சுட்டார்கள். எது போலீஸ், எது கம்பெனி என்று பிரித்துச் சொல்லவே முடியாத நிலைமை.

நான்கு பேர் இறந்தார்கள். அவர்களின் இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். காயம்பட்ட ஐந்தாமவர் சில மாதம் கழித்து இறந்தார். நால்வரையும் புதைத்த இடுகாட்டில் அவருக்கு இடம் தரவில்லை. ஏனென்றால் அவர் கறுப்பர். சாகும்போது சேர்ந்து சாகலாம். புதைக்கும்போது வேறு வேறு.

ஐந்து வருடம் கழித்து, 1937 மே 26. ஆலை வாசல் மேம்பாலத்தில் தொழிற்சங்க நோட்டீஸ் கொடுக்க வந்த வால்ட்டர் ராய்தரையும் அவருடைய தோழர்களையும் ஃபோர்டின் அடியாட்கள் புரட்டி எடுத்தார்கள். பத்திரிகைக்காரர்களின் கேமராக்களைப் பிடுங்கினார்கள். டெட்ராய்ட் நியூஸ் புகைப்படக்காரர் ஒருவர் மட்டும் எடுத்த பிளேட்டுகளை கார் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, வெற்று பிளேட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் படம் நாடெங்கும் வந்தது. 1941-ல் ஃபோர்டு கடைசியாகத் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார். மூன்று பெரிய கார் கம்பெனிகளில் கடைசியாக வழிக்கு வந்தவர் அவர்தான்.

ஆலைக்குள் கறுப்பர்களுக்கு வேலை கிடைத்ததா? கிடைத்தது. மற்ற கம்பெனிகளைவிட ஃபோர்டு நிறையவே எடுத்தார். பெரும்பாலும் வார்ப்படச் சாலையில், உலை அனலுக்குப் பக்கத்தில். ஆனால் சாயங்காலம் சங்கு ஊதியதும் அவர்கள் டியர்பார்னைத் தாண்டிப் போய்விட வேண்டும். டெட்ராய்டுக்கோ, மேற்கே இன்க்ஸ்டர் என்கிற சிற்றூருக்கோ. வேலைக்கு வரலாம், வசிக்க வரக்கூடாது.

இந்த எழுதாத விதியை ஒரு கொள்கையாகவே உயர்த்திப் பிடித்தவர் ஆர்வில் ஹப்பர்ட். 1942-ல் மேயராக வந்து உட்கார்ந்தவர், 1978-ல்தான் எழுந்தார். முப்பத்தாறு வருடம்! கடைசி மூன்று வருடம் பக்கவாதத்தில் விழுந்தும்கூடப் பதவி அவரிடமே இருந்தது.

ஆள் பார்க்க மலை மாதிரி இருப்பார். பேச்சில் நக்கல் தெறிக்கும். ஒருமுறை அவதூறு வழக்கில் கோர்ட் அபராதம் விதிக்க, கட்ட மறுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தபடியே நகராட்சியை நடத்தினார் மனிதர். ஜனங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ரசித்தார்கள்.

ஏன் ரசிக்க மாட்டார்கள்? பனி விழுந்தால் மறுநாள் காலை தெரு சுத்தம். குப்பை வண்டி சொன்ன நேரத்துக்கு வரும். நீச்சல் குளங்கள், நூலகங்கள், பூங்காக்கள். ஊருக்கு வெளியே அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி, டியர்பார்ன்வாசிகள் மட்டும் விடுமுறைக்குப் போய்த் தங்க ஏரிகளோடு ஒரு முகாம். போதாக்குறைக்கு, ஆயிரம் மைலுக்கு அப்பால் ஃப்ளோரிடாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தையே நகராட்சிக் காசில் வாங்கி, ஓய்வுபெற்ற உள்ளூர்ப் பெரியவர்கள் குளிர்காலத்தைக் கழிக்க ஏற்பாடு. எந்த ஊர் முனிசிபாலிடி இப்படிச் செய்யும்? காசு எங்கிருந்து என்றால், சொத்து வரியில் பெரும்பங்கை ஃபோர்டு கம்பெனி கட்டிக்கொண்டிருந்தது. வரவு அங்கே, செலவு இங்கே. கணக்கு சுலபம்.

இத்தனைக்கும் ஒரே ஒரு விலைதான். 'டியர்பார்னைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்பது ஹப்பர்ட் காலத்து முழக்கம். நகராட்சி வண்டிகளிலும் இருக்கும். படிக்கிற எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். 'வெள்ளையாக வைத்திருங்கள்.'

இரண்டாம் உலக யுத்தத்தின்போது போர்த் தளவாடத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு வீடு கட்ட வந்தது. கறுப்பர்கள் வந்துவிடுவார்கள் என்று ஹப்பர்ட் கொடி பிடித்து நிறுத்தினார். 1948-ல் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி வாடகைக் குடியிருப்பு கட்ட முன்வந்தது. ஊரில் ஓட்டெடுப்பு. 'கறுப்பர்களை வெளியே வையுங்கள், வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள்' என்று பகிரங்கமாகவே பிரசுரம் போனது. திட்டம் தோற்றது. 1963-ல் ஒரு வீட்டு வாசலில் கறுப்பர்கள் சிலரைப் பார்த்துவிட்டு, வீடு அவர்களுக்கு விற்கப்பட்டதாக வதந்தி பரவியது. கும்பல் கூடிக் கல்லெறிந்தது. போலீஸ் வேடிக்கை பார்த்தது. வந்திருந்தவர்கள் சாமான் இறக்க வந்த கூலியாட்கள்! குடிவந்தவர் வெள்ளைக்காரர். இதற்காக மேயர் மேல் மத்திய அரசு வழக்குப் போட்டது. 1965-ல் விடுதலை ஆகி வந்தார். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார்.

அவரைப் பொறுத்தவரை ஊர் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மூலையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

ரூஜ் ஆலையை ஒட்டி தெற்குப் பக்கம் ஒரு பேட்டை. சவுத் எண்ட் என்பார்கள். ஆலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, ஊரின் மற்ற பகுதியிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்த இடம். காலையில் துணி காயப்போட்டால் சாயங்காலம் கரி படிந்திருக்கும். அங்கேதான் ஐந்து டாலர் சம்பளத்தை நம்பிக் கப்பலேறி வந்தவர்கள் குடியிருந்தார்கள். முதலில் இத்தாலியர், போலந்துக்காரர், ருமேனியர், இவர்களோடு லெபனான்காரர். ஏமனிலிருந்தும் பாலஸ்தீனத்திலிருந்தும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். 1930-களின் இறுதியில் அங்கே ஒரு பள்ளிவாசலும் எழுந்தது. ஆலை சங்கு ஒரு பக்கம், தொழுகை ஒரு பக்கம். ஷிஃப்டு முடிந்து வந்தவர்களுக்குக் காபிக் கடை.

கறுப்பர்களை விடாத ஊர் அரபுகளை எப்படி விட்டது? இங்கேதான் சட்டம் ஒரு விளையாட்டு விளையாடியது. 1915-ல் ஒரு சிரியாக்காரரின் குடியுரிமை வழக்கில், சிரியர்கள் வெள்ளையர்களே என்று தீர்ப்பாகியிருந்தது. ஆகவே சென்சஸ் கணக்கில் அரபுக்காரர் வெள்ளையர். காகிதத்தில் வெள்ளை, தெருவில் வேறு. இந்த இடைவெளியில்தான் அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள்.

1970 வாக்கில் நகராட்சி அந்தப் பேட்டையையே காலி பண்ணிவிட்டுத் தொழிற்சாலைப் பகுதியாக மாற்ற முடிவு செய்தது. புல்டோசர் மட்டும் ஆயுதமல்ல. வீட்டைப் பழுது பார்க்க அனுமதி கேட்டால் கிடைக்காது. விற்றாலும் நகராட்சிக்கே விற்க வேண்டிய நிலைமை. வாங்கிய வீட்டை இடித்துப்போட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மனசு விட்டுப்போகும். அவரும் வந்த விலைக்கு விற்பார். இப்படித் தெருத் தெருவாக.

ஆனால் அந்த மக்கள் போகவில்லை. கூடிப் பேசினார்கள். வழக்குப் போட்டார்கள். இத்தாலியக் கிழவரும் ஏமன் இளைஞனும் ஒரே பக்கம் நின்றார்கள். 1973-ல் ஃபெடரல் நீதிமன்றம் நகராட்சி செய்தது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. பேட்டை பிழைத்தது. அதே கொந்தளிப்புக் காலத்தில், 1971-ல், வந்திறங்குபவர்களுக்கு மனு எழுதித்தர, இங்கிலீஷ் சொல்லித்தர ஒரு கடையறையில் சிலர் ஆரம்பித்த அமைப்புதான் ஆக்சஸ். அமெரிக்காவின் மிகப்பெரிய அரபு அமெரிக்க சேவை நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்து நிற்கிறது.

அப்புறம் உலக வரலாறு தவணை முறையில் டியர்பார்னுக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்தது. 1965-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தளர்ந்தது. 1967-ல் அரபு-இஸ்ரேல் யுத்தம். 1975-ல் லெபனானில் உள்நாட்டுப் போர். தெற்கு லெபனானின் பிந்த் ஜுபைல் ஊரிலிருந்து தெருக்கள் பெயர்ந்து வந்தாற்போல வந்தார்கள். 1991 வளைகுடா யுத்தத்துக்குப் பிறகு இராக்கியர்கள். தலைப்புச் செய்தியில் ஓர் ஊர் எரிந்தால், சில மாதத்தில் டியர்பார்ன் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுப் பிள்ளை சேரும்.

சுலபமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்களா என்றால் இல்லை. 1985-ல் மைக்கேல் கைடோ என்பவர் மேயர் தேர்தலில் நின்றார். வீடு வீடாக ஒரு பிரசுரம் அனுப்பினார். 'அரபுப் பிரச்னை' பற்றிப் பேசலாம் வாருங்கள் என்பது அதன் சாரம். ஜெயித்தார். இருபது வருடத்துக்கு மேல் மேயராக இருந்தார். இதே 1985-ல்தான், உள்ளூர்க்காரர் அல்லாதவர்கள் நகரப் பூங்காக்களுக்குள் வரக்கூடாது என்று ஒரு சட்டமும் வந்தது. யாரைத் தடுக்க என்று சொல்ல வேண்டியதில்லை. கறுப்பினத்தவர் அமைப்புகள் டியர்பார்ன் கடைகளைப் புறக்கணித்தன. மறு வருடமே கோர்ட் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது.

ஆனால் கைடோ ஒரு வியாபார உண்மையைக் கண்ணால் பார்த்தார். வெள்ளையர்கள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு இன்னும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார்கள். வாரன் அவென்யூவில் கடைகள் காலியாகிக்கொண்டிருந்தன. அந்தக் கடைகளைத் திறந்து விளக்கேற்றியவர்கள் லெபனான்காரர்கள். பேக்கரி, கசாப்புக் கடை, நகைக்கடை, மருந்துக்கடை. பக்லவா வாங்க வெளியூரிலிருந்து கார் போட்டு வர ஆரம்பித்தார்கள். அரபுகள் பிரச்னையல்ல, வரி கட்டுகிறவர்கள் என்று புரிந்தபின் மேயரின் சுருதியும் இறங்கியது.

2005-ம் வருடம் இரண்டு விஷயம் நடந்தது. ஃபோர்டு சாலையில் வட அமெரிக்காவின் பெரிய பள்ளிவாசல்களில் ஒன்று திறக்கப்பட்டது. பக்கத்திலேயே வரிசையாக மாதா கோயில்கள். கார் நிறுத்த இடம் போதாவிட்டால் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். இன்னொன்று, மிச்சிகன் அவென்யூவில் அரபு அமெரிக்கர்களுக்கான தேசிய அருங்காட்சியகம். எங்கே தெரியுமா? ஹப்பர்ட் முப்பத்தாறு வருடம் கோலோச்சிய நகரசபைக் கட்டடத்துக்கு நேர் எதிரே. அந்தக் கட்டட வாசலில் 1989-லிருந்து அவருக்கு ஒரு சிலையும் நின்றுகொண்டிருந்தது. ஆகவே பத்து வருடம், அவர் கையை உயர்த்தியபடி எதிர்ப்பக்கம் அரபு அருங்காட்சியகத்தின் நீலக் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. 2015-ல் சிலையை ஓரங்கட்டினார்கள். 2020-ல், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு, அங்கிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு ஊர் எப்படி இருக்கிறது? ஃபோர்ட்சன் உயர்நிலைப் பள்ளியைச் சொன்னால் போதும். 1928-ல் கட்டியது, கோட்டை மாதிரி இருக்கும். அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் உயிர். மாணவர்களில் பெரும்பாலோர் அரபு வம்சாவளி. 2010-ல் ரம்ஜான் ஆகஸ்டில் வந்தது. பயிற்சிக் காலமும் அதுதான். நோன்பு வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் ஓடினால் என்ன ஆகும்? பயிற்சியாளர் யோசித்தார். பயிற்சியை ராத்திரி பதினோரு மணிக்கு மாற்றி, விடிகாலை வரை நடத்தினார். விளக்கு வெளிச்சத்தில் பையன்கள் மோதிக்கொண்டார்கள். மதமும் போகவில்லை, மேட்ச்சும் போகவில்லை.

இதே ஊரைப் பற்றித்தான் 'அங்கே ஷரியா சட்டம் நடக்கிறது, போலீஸ் உள்ளே போக முடியாது' என்று கதை கட்டினார்கள். குர்ஆனை எரித்த ஃப்ளோரிடா பாதிரியார் ஒருவர் 2011-ல் இங்கே ஆர்ப்பாட்டம் செய்யவே வந்தார். ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. அவர்கள் பாட்டுக்கு ஏமன் காபிக் கடையில் ஏலக்காய் மணக்கும் தேநீரோடு நடுராத்திரி வரை அரட்டை அடிக்கிறார்கள்.

2020 சென்சஸில் முதல்முறையாக வெள்ளையர் என்று குறிப்பவர்களிடமும் 'எந்த நாட்டு வம்சம்' என்று கேட்டார்கள். 2023-ல் கணக்கு வெளியானது. டியர்பார்னின் சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 55 சதவீதம் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர். இடைப்பட்ட 2021 நவம்பரில் லெபனான் குடியேறிகளின் மகன் அப்துல்லா ஹமூத் மேயர் தேர்தலில் ஜெயித்தார். வயது 31. இந்தப் பதவிக்கு வந்த முதல் அரபு அமெரிக்கர், முதல் முஸ்லிம். 2025-ல் மீண்டும் ஜெயித்தார்.

சுபம் போட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

2019-ல் நகராட்சி சார்புடைய வரலாற்றுப் பத்திரிகை ஒன்று, ஹென்றி ஃபோர்டின் யூத வெறுப்பைப் பற்றி ஒரு சிறப்பிதழ் தயாரித்தது. டியர்பார்ன் இண்டிபெண்டன்ட் என்கிற பத்திரிகையை வாங்கி 1920-களில் யூதர்களுக்கு எதிராக ஃபோர்டு நஞ்சு கக்கியது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அப்போதைய மேயர் இதழை அனுப்பவிடாமல் நிறுத்தி, ஆசிரியரையும் நீக்கினார். விளைவு, சில நூறு பேர் படித்திருக்க வேண்டியதை உலகமே படித்தது. 2022-ல் பள்ளி நூலகங்களில் ஓரினச்சேர்க்கையாளர் பற்றிய புத்தகங்கள் இருக்கலாமா என்று பெரிய தகராறு. பள்ளி வாரியக் கூட்டத்தையே பாதியில் முடிக்க வேண்டியதாயிற்று. எதிர்த்து வந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெற்றோர். 'நம்ம ஊரில் இதெல்லாம் கூடாது' என்கிற வாக்கியம் டியர்பார்னுக்குப் புதிதல்ல. சொல்கிறவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

ஓர் ஊர் யாருடையது என்கிற கேள்விக்கு ஹென்றி ஃபோர்டிடம் ஒரு பதில் இருந்தது: சம்பளம் கொடுக்கிறவனுடையது. ஹப்பர்டிடம் ஒரு பதில் இருந்தது: ஏற்கெனவே இருக்கிறவனுடையது. கரி படிந்த துணியைத் தட்டி மடித்தபடி கோர்ட்டுக்குப் போன சவுத் எண்ட் ஜனங்களும் ஒரு பதில் சொன்னார்கள்: போக மறுக்கிறவனுடையது. முதல் இரண்டும் காலாவதியாகிவிட்டன. மூன்றாவது பதிலைச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மேயர் நாற்காலியில் இருக்கிறார்கள். நாளைக்கு வேறொருவர் வந்து இதே ஊரில் ஒரு வீடு கேட்கும்போது, என்ன சொல்லப் போகிறார்கள் என்பதில் இருக்கிறது மிச்சக் கதை.